ஊருக்குப் போகாத கோடை

(சங்கத்தின் ஆண்டு விழாவிற்காகத் தம்பதியர் இருவர் சேர்ந்து எழுதி அவையில் படித்த உரை)

 

இம்மேடையில் பேச வருவோர் பெரும்பாலும் இலக்கியம் பேசுவர், வரலாறு பேசுவர், மொழியின் வருங்காலம் பற்றிப் பேசுவர். அத்தகைய தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் இருவரும் கணவனும் மனைவியும். இச்சங்கத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டே பழகியவர்கள். 2025 ஆம் ஆண்டின் கோடையை இம்மும்பை மாநகரிலேயே கழித்தோம். அதைப் பற்றி நாலு பேர் நடுவில் சொல்லுங்கள் என்று செயலாளர் அவர்கள் பணித்தார். மறுக்க இயலவில்லை.

இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். படிப்பவர் ஒருவர்தாம், ஆயினும் பேசுபவர் இருவர் என்று கொள்ளுங்கள். எங்களுக்குள் கருத்து வேறுபட்ட இடங்களில் ‘எங்களில் ஒருவர்’ என்று குறிப்போம். அவர் யார் என்பதை இல்லறத்தில் பழகிய நீங்கள் எளிதில் கண்டுகொள்வீர்கள்.

கோடை என்றால் மும்பைத் தமிழருக்கு என்ன பொருள்? ஊருக்குப் போவது என்பதே பொருள். பள்ளிகள் மூடும் நாளுக்கு முன்பே பெட்டிகள் பரணிலிருந்து இறங்கிவிடும். முன்பெல்லாம் 120 நாள் முன்னதாக ரயிலில் இடம் பதிவு செய்வோம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்தது. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு நாகர்கோவில் வண்டியில் ஏறினால் இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். மலைத்தொடரை ஏறி, புணே கடந்து, சோலாப்பூர் கடந்து, குண்டக்கல் கடந்து, விடியற்காலையில் எங்கோ ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டவுடன் உள்ளத்தில் பிறக்கும் களிப்பை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அவ்வண்டியில் வந்தவர்கள்தாமே!

நாங்கள் 1991 இல் இந்நகருக்குக் குடிவந்தோம். அப்போது இதன் பெயர் பம்பாய். 1995 இல்தான் மும்பை ஆயிற்று. முலுண்டில் ஒரு சிறு வீடு. கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகம். 1992 தொடங்கி 2024 வரை, நோய்க்காலத்து 2020, 2021 ஆண்டுகள் நீங்கலாக, ஒரு கோடையும் நாங்கள் ஊருக்குப் போகாமல் இருந்ததில்லை. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தை அடுத்து, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். திண்ணை வைத்த ஓட்டு வீடு. பின்கட்டில் கிணறு, அதை ஒட்டி ஒரு முருங்கை. அவ்வளவே எங்கள் சொத்து. அதுவே எங்கள் சுவர்க்கம்.

2024 ஆம் ஆண்டு ஐப்பசியில் அவ்வீட்டின் விளக்கு அணைந்தது. எங்களில் ஒருவருக்குத் தாயாகவும் மற்றவருக்கு மாமியாராகவும் விளங்கிய அம்மையார் இறைவனடி சேர்ந்தார். உடன்பிறந்தோர் நால்வர்; நால்வரும் நான்கு ஊர்களில். பூட்டிய வீட்டைக் காப்பார் யார்? தை மாதத்தில் வீடு கைமாறியது. எவர்மீதும் எங்களுக்கு வருத்தம் இல்லை. பங்கும் முறையாக வந்து சேர்ந்தது. ஆனால் வாங்கியவரிடம் திறவுகோலைக் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், தெருமுனை வரை எங்களால் திரும்பிப் பார்க்காமல் நடக்க முடியவில்லை.

மாசி மாதம் வந்தது. பதிவு தொடங்கும் நாளில், பழக்கத்தின் காரணமாக எங்களில் ஒருவர் கணினியின் முன் அமர்ந்தார். புறப்படும் நிலையத்தைக் குறித்தார். சேரும் நிலையம் என்ற இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. எங்கே போவது? யார் வீட்டுக்குப் போவது? அன்று இரவு எங்கள் வீட்டில் இருவருமே சரியாக உண்ணவில்லை.

பங்குனி இறுதியில் எங்களில் ஒருவர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் தொழில் நிமித்தம் வெளியூர்களில் இருக்கின்றனர். செல்ல ஊரில்லை; செய்ய வேலையில்லை. அண்டை வீட்டார் வழக்கம்போல, “ஊருக்கு எப்போது?” என்று கேட்பர். “இம்முறை இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவோம். அப்படி ஒருநாள் உள்ளே வந்தபோது எங்களில் மற்றவர் சொன்னார்: “இந்த ஊரில் முப்பத்து நாலு வருஷம் இருந்துவிட்டோம். ஒருதரம் இந்த ஊருக்கும் போய் வரலாமே!”

விளையாட்டாகச் சொன்ன சொல் என்றே முதலில் கருதினோம். ஆனால் அவரே தொடர்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளில் அவர் கடலைக் கண்டது ஏழே முறை. அவற்றுள் ஆறு முறை, ஊரிலிருந்து வந்த விருந்தினருக்குக் காட்டச் சென்றவை. அப்போதும் குழந்தைகளையும் பைகளையும் பார்த்தாரேயன்றிக் கடலைப் பார்க்கவில்லை. மற்றவரோ நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ரயிலில் நின்று பயணம் செய்தவர். கடலுக்கு இரண்டு கல் தொலைவுக்குள் வேலை பார்த்தவர். மதிய உணவு வேளையில்கூட அந்தப் பக்கம் போனதில்லை. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பட்டணம் சேர்ந்தோம், உண்மை; பட்டணத்தோடு சேர்ந்தோமா? அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

ஆகவே ஒரு திட்டம் வகுத்தோம். வாரத்தில் இரண்டு நாள் வெளியே செல்வது. விடியற்காலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவது. அல்லது மாலை நான்கு மணிக்குமேல் கிளம்புவது. இந்நகரின் கோடை, நம் நெல்லைச் சீமையின் கோடையைப் போலச் சுடுவதன்று. வியர்வையாய் வடிந்து ஆளைச் சோர்வுறச் செய்வது. எனவே தண்ணீரும் மோரும் தயிர்ச்சோறும் கையோடு வரும். எவ்வளவு நேரமானாலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது மற்றொரு விதி. அதைக் காக்க ஒருவர் மிகவும் பாடுபட்டார்.

முதல் நாள் நாங்கள் சென்ற இடத்தைக் கேட்டால் நகைப்பீர்கள். ரயில் நிலையத்திற்கே சென்றோம். முன்னாள் விக்டோரியா முனையம், இந்நாள் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம். எங்களில் ஒருவர் அதன் வழியே ஆண்டுக்கணக்காக ஓடியவர். ஓடினாரேயன்றி ஒருநாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. அன்று எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்று இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்து, 1878 இல் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எழுப்பிய மாளிகை அது. கோபுரக் கவிகையின் உச்சியில் முன்னேற்றத்தைக் குறிக்கும் ஒரு பெண்ணுருவம். வாயில் தூண்களின்மேல் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிப்பவை. சுவரெங்கும் மயிலும் குரங்கும் அணிலும் இலையும் கொடியும், அக்காலத்து ஜே. ஜே. கலைப்பள்ளி மாணாக்கர் செதுக்கியவை. உலகப் பாரம்பரியச் சின்னம் என 2004 இல் இதற்குச் சிறப்பு அளித்தனர். “இந்தப் புலியின் காலடியில்தானே தினமும் வண்டிக்கு ஓடினீர்கள்?” என்று ஒருவர் கேட்டார். மற்றவர் பேசாது நின்றார்.

இந்தத் தடத்திற்கும் எங்கள் முலுண்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1853 ஏப்ரல் 16 அன்று இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேக்குச் சென்றது, தொலைவு 34 கிலோமீட்டர், பெட்டிகள் 14. முலுண்டு, தாணேக்கு முந்திய நிலையம். அந்த முதல் வண்டி சென்ற வழியில்தான் எங்கள் வாழ்நாளின் பெரும்பகுதி ஓடிக் கழிந்திருக்கிறது.

மறுமுறை ஓவல் மைதானத்திற்குச் சென்றோம். அங்கே ஒரு விந்தை. கிழக்கே நோக்கினால் 19 ஆம் நூற்றாண்டு. மேற்கே நோக்கினால் 20 ஆம் நூற்றாண்டு. கிழக்கே உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் கூர்மாடங்களோடு நிற்கின்றன. மேற்கே 1930களில் கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்த குடியிருப்புகள். வளைந்த உப்பரிகைகளும் வெளிர் வண்ணங்களும் உடையவை. இவ்விரு வரிசைகளையும் சேர்த்தே 2018 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினர். நடுவிலோ, இவை எதையும் பொருட்படுத்தாமல் நூறு சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டு 1878 இல் நிறைவுற்றது. பிரேம்சந்து ராய்சந்து என்ற வணிகர் பெரும்பொருள் தந்து தம் தாயின் பெயரை அதற்கு இடச் செய்தார். தாயின் பெயர் என்றதும் எங்களில் ஒருவர் சற்று ஒதுங்கிச் சென்று மரத்தடியில் அமர்ந்தார். மற்றவர் மோர்ப் பாத்திரத்தைத் திறந்து அருகில் வைத்தார். மணிக்கூண்டு ஒருமுறை ஒலித்து ஓய்ந்தபின் எழுந்து நடந்தோம்.

இந்நகரின் பிறப்பே ஒரு திருமணத்தோடு தொடர்புடையது என்பதை இக்கோடையில்தான் நினைவில் பதித்துக்கொண்டோம். ஏழு தீவுகளாகக் கிடந்த இடம் இது. 1661 இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் போர்ச்சுகல் இளவரசி காதரீனுக்கும் செய்த மண ஒப்பந்தத்தின்படி பம்பாய் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. அம்மன்னர் 1668 இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குடிக்கூலிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் அதனை விட்டுவிட்டார். பின்னர்த் தீவுகளுக்கு இடைப்பட்ட நீரைத் தூர்த்துத் தூர்த்து ஒரே நிலமாக்கினர். “சீதனமாக வந்த ஊரில் வாடகை இத்தனை அதிகமா!” என்று எங்களில் ஒருவர் வியந்தார். உங்களுக்கும் அவ்வியப்பு உண்டென்பதை உங்கள் சிரிப்பே சொல்கிறது.

இனி, இக்கோடையில் எங்கள் உள்ளத்தை அசைத்த ஓர் இடத்தைச் சொல்ல விரும்புகிறோம். இந்திய வாயிலிலிருந்து படகில் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் கராப்புரித் தீவு வரும். போர்ச்சுகீசியர் அங்கிருந்த ஒரு கல்யானையைக் கண்டு எலிபெண்டா எனப் பெயரிட்டனர். அந்த யானை இப்போது அங்கில்லை. பெயர்த்துக் கொண்டுபோக முயன்றபோது உடைந்து, பின்னர் ஒட்டிச் சேர்க்கப்பட்டு, பைகுல்லாவில் ஜிஜாமாதா தோட்டத்து அருங்காட்சியகத்தின் அருகே நிற்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து உடைந்தும் நிலைத்து நிற்கும் அந்த யானையையும் பிறிதொரு நாள் கண்டு வந்தோம்.

தீவில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். எங்கள் முழங்கால்கள் இருவர்க்கும் பொதுவாக முறையிட்டன. ஏறிச் சென்றால், மலையைக் குடைந்து தூண்களை நிறுத்திய சிவாலயம். 1400 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. இருளினுள் சற்று நின்று கண் பழகியதும், ஏறத்தாழ 20 அடி உயரத்தில் மும்முகச் சதாசிவம் மெல்ல மெல்லத் தோன்றும். நடுமுகத்தின் மூடிய விழிகளில் உள்ள அமைதியை எழுத்தில் வடிக்க எங்களால் ஆகாது. ஒருபுறம் அர்த்தநாரி, மறுபுறம் கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமான். சிற்பங்கள் பல கைகால் இழந்து நிற்கின்றன. ஆயினும் முகங்களின் அருள் குறையவில்லை.

அங்கே மற்றொரு சுவரில் சிவபெருமானுக்கும் பார்வதி தேவிக்கும் திருமணம் நடக்கிறது. தேவி சற்றே தலை தாழ்த்தி நிற்கிறாள். அதைக் கண்டதும் எங்களில் ஒருவர், “பாபநாசம்!” என்று உரக்கச் சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள பாபநாசத்தில், கயிலையில் நடந்த திருமணக் கோலத்தை அகத்திய முனிவர் கண்டு தொழுதார் என்பது தலவரலாறு. சித்திரை விசுவன்று அங்கே அத்திருமணக் காட்சி நடைபெறும். ஊருக்குச் செல்லும் ஆண்டுகளில் ஆற்றில் நீராடி ஈரத்துணியோடு அக்காட்சியைக் காணத் தவறமாட்டோம். இவ்வாண்டு அது கிட்டவில்லையே என்ற ஏக்கம் எங்கள் இருவரிடமும் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. தென்கோடியில் நாங்கள் விட்டு வந்ததாக எண்ணிய திருமணம், மேலைக் கடலின் நடுவே ஒரு தீவில், நாங்கள் வருவதற்கு நூற்றாண்டுகள் பல முன்பே கல்லில் நின்று காத்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஒரு மணி நேரப் படகுப் பயணத் தொலைவில்!

ஊரைத் தேடியவர்கள் ஊரார் சிலரையும் கண்டோம். மாட்டுங்காவில் அதிகாலையில் கடைத்தெருவை ஒருமுறை சுற்றி வந்தால், மல்லிகைச் சரமும் வாழையிலையும் காப்பிப்பொடி மணமுமாக நம் நாட்டுத் தெருவொன்று நடந்து வந்து நிற்பது போலிருக்கும். அருகே சண்முகானந்த அரங்கம். 1963 இல் திறந்து, 1990 இல் தீக்கிரையாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. ஆனால் மாட்டுங்காவை மட்டுமே தமிழர் பேட்டை என்று எண்ணுவோர் தாராவிக்கும் செல்ல வேண்டும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக நம்மவர் அங்கே வந்து குடியேறினர். அங்கே ஒரு தேநீர்க் கடை வாசலில் முதியவர் ஒருவரோடு உரையாடினோம். அவர் பிறந்தது இங்கே. அவருடைய தந்தையார் பிறந்ததும் இங்கே. பேச்சோ, எங்களைவிடத் தெளிந்த திருநெல்வேலிப் பேச்சு! “உங்களுக்கு ஊர் எது?” என்று கேட்டோம். “இதுதாம்வே ஊரு. வேற எங்க போவ?” என்றார். அவர் அதைத் துயரமாகச் சொல்லவில்லை. எங்கள் கேள்விதான் எங்களுக்கே கூச்சத்தைத் தந்தது.

கோடையின் இன்பத்தைப் பேசுகையில் மாம்பழத்தை மறத்தல் தகாது. 1869 இல் கட்டிய கிராபோர்டு சந்தை, இப்போது மகாத்மா ஜோதிபா புலே மண்டை, இரத்தினகிரியிலும் தேவ்கடிலும் விளைந்த ஆப்பூசு மாம்பழங்களின் மணத்தால் நிறைந்திருந்தது. ஊரில் இருந்த காலமெல்லாம் எங்களில் ஒருவர், பங்கனப்பள்ளிக்கும் எங்கள் கொல்லைப்புறத்து நாட்டு மாவுக்கும் ஈடில்லை என்று வாதிட்டு வந்தவர். அன்று ஒரு பெட்டி வாங்கி வந்து, வைக்கோல் விலக்கி, நன்கு கனிந்த ஒன்றை அரிந்து உண்டபின் அவர் வாதம் செய்யவில்லை. அடுத்த பழத்தை எடுத்தார். தோற்றதை ஒப்புக்கொள்ள இதைவிட இனிய முறை இல்லை.

சித்திரை மாதத்தின் ஒரு நாளில் தாணேக் கழிக்குச் சென்றோம். எங்கள் வீட்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஐரோலி, அங்கிருந்து படகு. சேற்றுப் பரப்பின்மேல் இளஞ்சிவப்பு விரிப்பு விரித்தாற்போலப் பூநாரைகள் நின்றன. கார்காலத்திற்குப் பின் கட்சு முதலிய இடங்களிலிருந்து வந்து, இக்கழியின் பாசியை உண்டு, அடுத்த மழைக்கு முன் திரும்பிச் செல்பவை. சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேலும் வருவதுண்டு. 2015 இல் இவ்விடத்தைச் சரணாலயமாக்கினர். 2022 இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தனர். முட்டையிட ஓரிடம்; இரை தேட ஓரிடம். எது உன் ஊர் என்று அப்பறவையை எவரும் கேட்பதில்லை. இரண்டும் அதன் ஊர்தான். எங்கள் படகு நெருங்கியதும் ஒரு கூட்டம் எழுந்தது. சிறகின் அடியில் ஒளிந்திருந்த செந்நிறம் வெளிப்பட்டது. நின்றபோது தெரியாத அழகு அது.

அவையோர்களே, இதுகாறும் கண்டவற்றைச் சொன்னோம். இனிப் பேசியதைச் சொல்ல வேண்டும். இதற்காகவே இம்மேடைக்கு வந்தோம் என்றும் கூறலாம்.

வைகாசியின் தொடக்கத்தில் ஒரு மாலை, இரட்டை மாடிப் பேருந்தில் ஏறினோம். 1937 முதல் ஓடிய பழைய வகைச் சிவப்பு வண்டிகளின் ஓட்டம் 2023 செப்டம்பரில் நின்றது. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மின்சாரத்தால் ஓடும் புதியவை வந்துவிட்டன. மேல்தளத்தின் முன்னிருக்கையைப் பிடிக்க நாங்கள் சிறுபிள்ளைகளைப் போல விரைந்தோம் என்பதை இங்கு மறைக்கவில்லை. இறங்கி நடந்து, மரைன் டிரைவின் நீண்ட கைப்பிடிச் சுவரில் அமர்ந்தோம். கதிரவன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தான். வேர்க்கடலைப் பொட்டலம் நடுவில் இருந்தது.

எங்களில் ஒருவர் பல மாதங்களாக மனத்தில் வைத்திருந்ததை அப்போது வெளியிட்டார். “வீட்டுப் பங்காக வந்த பணம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலேயே சிறியதாக ஒரு வீடு வாங்கிவிடலாம். உனக்கும் ஊர் போய்விட்டதே என்ற குறை இருக்காது” என்றார்.

மற்றவர் நெடுநேரம் கடலையே நோக்கியிருந்தார். பிறகு சொன்னார்: “நான் ஊருக்குப் போனது உங்களுக்காக. அத்தைக்காக. வருஷம் பூரா இங்கே நாலு பேருக்குச் சமைத்தேன். கோடையில் அங்கே போய் இருபது பேருக்குச் சமைத்தேன். பேச்சும் சிரிப்பும் திண்ணையில் நடக்கும். எனக்கு அடுக்களையில் கேட்கும். அத்தை என்னைத் தாங்கினார்கள், அதனால் அது பாரமாகத் தெரியவில்லை. அவர்கள் போனதற்கு அழுதேன், வீட்டுக்காக அழவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கு இதுதான் முதல் லீவு.”

எங்களில் மற்றவர்க்கு நா எழவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட கோடைகளை இருவரும் ஒரே வண்டியில் சென்று ஒரே வீட்டில் கழித்தோம். ஆனால் ஒருவர் விடுமுறைக்குச் சென்றார், மற்றவர் வேலைக்குச் சென்றார். இதை அறிய ஒரு வீடு கைமாற வேண்டியிருந்தது. ஒரு கடற்கரைச் சுவர் வேண்டியிருந்தது. அன்று விளக்குகள் வளைந்த கரையெங்கும் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டு, ஒரு மணிமாலை போல ஒளிரும் வரை அங்கேயே இருந்தோம். கடலை தீர்ந்துவிட்டது, மற்றொரு பொட்டலம் வாங்கினோம். திரும்பியதும் சமையல் இல்லை, வழியிலேயே உணவு. அவ்வழக்கம் வாரம் இருநாள் இன்றளவும் நடைபெற்று வருகிறது. மற்ற நாட்களில் காலைக் காப்பியை எங்களில் எவர் கலக்கிறார் என்பதையும் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரத்தில் வீடு வாங்கவில்லை. அதனால் ஊரைத் துறந்துவிட்டோம் என்று எவரும் கருதற்க. சித்திரை விசுவுக்குப் பாபநாசம் செல்வோம், விடுதியில் தங்குவோம், ஆற்றில் நீராடுவோம், விற்ற வீட்டின் தெருவில் ஒருமுறை நடந்து, புதிய குடியினர் முருங்கையை வெட்டாமல் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவோம். பிறகு ஊருக்குத் திரும்புவோம். ஆம், ‘ஊருக்குத் திரும்புவோம்’ என்றே எழுதியிருக்கிறோம். இச்சொல்லை இவ்விடத்தில் எழுதும்போது எங்களில் இருவருமே எழுதுகோலை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்; ஆயினும் அடிக்கவில்லை.

அக்கோடை எதிர்பாராத விதமாக விரைவில் முடிந்தது. மும்பையில் பருவமழை இயல்பாக ஜூன் 11 அளவில் தொடங்கும். 2025 இல் மே 26 அன்றே தொடங்கிவிட்டது. 1950 முதல் உள்ள பதிவுகளில் இத்துணை முன்னதாக வந்ததில்லை என்றனர். கோடை மழையைக் காண்பது எங்களுக்கு அதுவே முதன்முறை அன்று. ஆனால் முந்திய ஆண்டுகளிலெல்லாம் மழை தொடங்கும் வேளையில் ஊரிலிருந்து வந்து பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருப்போம். இம்முறை சன்னலோரம் இரு நாற்காலிகளைப் போட்டு அமர்ந்தோம். பட்டியலில் இன்னும் காணாத இடங்கள் பதினொன்று இருந்தன. கன்னேரிக் குகைகளும் அவற்றுள் ஒன்று. அடுத்த கோடைக்கு இருக்கட்டும் என்று மடித்து வைத்தோம்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் ஊர்வீடு இழந்தவர் பலர் உளர். பெற்றோர் மறைந்து, உடன்பிறந்தோர் பிரிந்து, கோடை வந்தால் எவரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் முதியவர் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். நாங்களும் ஓராண்டு அவ்வாறு இருந்திருப்போம். அவர்களுக்காகச் சித்திரை, வைகாசி மாதங்களில் நான்கு ஞாயிறுகளைச் சங்கம் ஒதுக்க வேண்டும். பெருஞ்செலவு வேண்டா, பேருரைகள் வேண்டா. இந்நகரின் ஓரிடத்திற்கு ஒன்றாகச் செல்வோம். கட்டுச்சோறு எடுத்துச் செல்வோம். கட்டுச்சோற்றை ஆடவரே கட்டட்டும். முதல் ஞாயிற்றுக்குத் தீவுக் குகைகளை முன்மொழிகிறோம். முழங்கால் வலிப்போருக்குப் படியருகே துணை நிற்க இளைஞர் சிலர் வந்தால் போதும். முதற் குழுவிற்கு வழிகாட்ட நாங்கள் இருவரும் இப்போதே பெயர் தருகிறோம். செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்வாராக.